சுவரைத் தாண்டாத வயர்

பத்து மீட்டர் வயரில் முடிய வேண்டிய வேலைக்குக் கஸ்மாடி ஒரு வாணலி வாங்கினார். சமையலுக்கு லாயக்கான கனத்த வாணலிகூட இல்லை. சந்தையின் கடைசிக் கடையில் கிடைக்கிற, தட்டினால் டங்கென்று சத்தம் போடுகிற, அகலமான மலிவு அலுமினிய வாணலி. எங்கள் கிளாத்தென் ஊர்ச் சந்தையிலிருந்து அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு அவர் சந்துக்குள் நுழைந்தபோது வாசலில் நின்றிருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. எதற்கு வாணலி என்று எல்லோருக்கும் தெரியும். சிரித்தால் மனிதரின் முகம் வாடிவிடும் என்பதும் தெரியும். ஆகவே அவரவர் வீட்டுக்குள் போய்ச் சிரித்துக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். கஸ்மாடியின் ஒரே மகன் அங்கித் பாத்தாம் தீவில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். போன பெருநாளுக்கு வந்தவன் தன்னுடைய பழைய கம்ப்யூட்டரையும் கேம் பெட்டியையும் வீட்டில் வைத்துவிட்டு, "இதுக்கு ஒரு நெட் லைன் மட்டும் போட்டுருங்கப்பா. ஞாயித்துக்கிழமை நான் அங்கேருந்து, நீங்க இங்கேருந்து ஃபுட்பால் ஆடலாம். பேசிக்கிட்டே ஆடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். கைபேசியில் படம் பார்த்துப் பேசுவதெல்லாம் எங்கள் ஊருக்கு இன்னும் வராத காலம். கஸ்மாடி தொலைபேசி ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கம்பத்தில் இடமில்லை, புதுக்கம்பி இழுக்கும்வரை பொறுங்கள் என்றார்கள். பொறுத்தாலும் மாதக் கட்டணம், சர்க்கரை ஆலையில் உழைத்து அவர் வாங்குகிற ஓய்வூதியத்தில் பாதியை விழுங்கிவிடும்.

சந்தில் இணையம் இல்லாமலில்லை. யாராவது ஒருவர் வீட்டில் ஒரு லைனை இறக்கி, கூரைக்குக் கூரை ஆண்டெனா வைத்துக் காற்றிலேயே பிரித்துக்கொள்வது, கட்டணத்தையும் பிரித்துக்கொள்வது எங்கள் பக்கத்து ஏற்பாடு. இந்தச் சந்துக்கும் அப்படி ஒரு லைன் வந்திருந்தது. அது இறங்கிய வீடு கஸ்மாடியின் சுவரை ஒட்டிய அடுத்த வீடு. செத்துப்போன அவர் அண்ணனின் வீடு. லைனைக் கொண்டுவந்தவள் அண்ணன் மகள் பலுபி. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவள், இருபத்தெட்டு வயது, ஸ்குரூ டிரைவரைக் கொண்டை ஊசிபோலத் தலையில் செருகிக்கொண்டு திரிகிறவள். அவள் ஜன்னல் வழியாக ஒரு வயரைச் சுவருக்கு மேலே எறிந்தால் கதை முடிந்தது.

எறிய முடியாது. இரண்டு வீட்டுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

பலுபியின் அப்பா படுக்கையில் கிடந்தபோது கஸ்மாடி தன் அண்ணனைச் சோலோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்று நின்றார். வீட்டிலேயே இருக்கட்டும், அவர் கெஞ்சுகிறார் என்று பலுபியின் அம்மா சுமியாத்தி சொன்னாள். அண்ணன் வீட்டிலேயே இறந்தார். அடக்கம் முடிந்து திரும்பியவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தபோது, சந்து மொத்தமும் கேட்க, கஸ்மாடி எழுந்து நின்று, "அண்ணி, தாங்கள்தான் எங்கள் அண்ணனைக் கொன்றீர்கள்" என்றார். உயர்ந்த மரியாதை மொழியில் சொன்னார். எங்கள் பக்கம் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அது கெட்ட வார்த்தையைவிட ஆழமாக இறங்கும். அன்றிலிருந்து அவள் அவரையும் அவர் அவளையும் பார்த்தால், நடுவில் சுவர் இல்லாத இடத்திலும் ஒரு சுவர் இருப்பதுபோல் கடந்து போனார்கள்.

இந்த நிலையில் அண்ணி வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு வயர் கஸ்மாடியின் வீட்டுக்குள் இறங்கினால் சந்து என்ன சொல்லும்? வயர் கண்ணுக்குத் தெரியும். காற்றில் வருவது தெரியாது. அதனால் அவர் சந்தின் தலைவர் சுகெங் ஐயாவின், எங்கள் பக்கத்துப் பேச்சில் பாக் சுகெங்கின், கூரையில் இருக்கும் ஆண்டெனாவிலிருந்து எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். அது சந்தின் மறுகோடியில் இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அலையைப் பிடிக்கிற கிண்ண ஆண்டெனாவாகத்தான் வாணலி.

பாக் சுகெங்கின் கூரைக்கு அந்த இணையம் எங்கிருந்து வருகிறது? பலுபி வீட்டுக் கூரையிலிருந்து. சுவருக்கு அந்தப் பக்கம் கிளம்பி, சந்தின் கோடிக்குப் போய், அங்கிருந்து திரும்பி, சுவருக்கு இந்தப் பக்கம் வந்து இறங்கும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்றால் இதுதான். இது கஸ்மாடிக்குத் தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்குத்தானே இவ்வளவு செலவு.

பலுபிக்கு அந்த வாணலியைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அந்த வீட்டிலிருந்து ஆக வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. ஹஜ் மாதத்தில் அவளுக்கும் யுதாந்தோவுக்கும் நிக்காஹ். அப்பா இல்லை, அப்பாவைப் பெற்றவர் இல்லை, கூடப்பிறந்தவன் இல்லை. அப்படிப்பட்ட பெண்ணை, அப்பாவின் தம்பிதான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, வாயால் சொல்லி, நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டும். அவர் மாட்டேன் என்றால் மதக் கோர்ட்டுக்குப் போய், சித்தப்பா மறுக்கிறார் என்று நிரூபித்து, ஒரு அதிகாரியை நியமிக்கச் சொல்ல வேண்டும். கைலியோடு வந்து உட்கார வேண்டிய உறவுக்குப் பதிலாக, கோப்போடு வருகிற ஒரு உத்தியோகஸ்தர்.

"கோர்ட்டே போதும். அந்த மனுஷன் வாசப்படி ஏறி வந்து நான் பாக்கணும்னு இல்ல" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

பலுபிக்குப் போதாது. அவளைச் சைக்கிளில் முதன்முதலாக உட்கார வைத்தவர் சித்தப்பா. அப்பாவின் அதே மூக்கு, அதே இருமல். அந்தக் கை யுதாந்தோவின் கையைப் பிடிக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டு அவர் இல்லையென்று சொல்லிவிட்டால்? கேட்காதவரைக்கும் இல்லை என்பது இல்லை. அதனால் அவள் கேட்கவில்லை. கேட்காதவரிடம் தானாகப் போய் நிற்க முடியாது என்று அவரும் வரவில்லை.

பாக் சுகெங் வெற்றிலை போட்ட வாயோடு ரிப்பேர் கடைக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நம்ம சந்துல ஒருத்தருக்கு வாணலி மாட்டணும்" என்றார்.

"யாருக்குன்னு சொல்லலாம் பாக்."

"பேர் எதுக்கு? ஒருத்தருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில போனா நல்லது. யாரையாவது அனுப்புங்கன்னு எங்கிட்ட கேட்டாரு. உன்னை அனுப்புங்கன்னு கேக்கல. உன்னை அனுப்பாதீங்கன்னும் கேக்கல."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"எங்க வீட்டுக்கு வர்றேன்னு சொல்லிட்டு வா. ஆண்டெனாவைப் பாக்கத்தான் வரணுமே, பொய்யும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை பலுபி முதலில் பாக் சுகெங்கின் கூரையில் ஏறி ஆண்டெனாவை நிஜமாகவே ஒருமுறை பார்த்துவிட்டு, கருவிப் பெட்டியோடு சித்தப்பா வீட்டு வாசலில் போய் நின்றாள். சித்தி ஓடி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சித்திக்கு இந்தச் சண்டையில் பங்கு கிடையாது. ஆனால் புருஷன் பேசாத வீட்டோடு பேசுவதற்குத் தைரியமும் கிடையாது. கண் மட்டும் கலங்கியது. கஸ்மாடி கூண்டில் இருந்த வரிப்புறாவுக்குத் தினை வைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"கேட்டியா" என்றார், புறாவிடம். "வேலைக்கு வந்தவங்களுக்கு எங்க மாட்டணும்னு தெரியும். நாம நடுவுல மூக்கை நுழைக்கக் கூடாது."

பலுபிக்கு ஒரு நொடி எரிச்சல் வந்தது. பிறகு, சரி, இப்படித்தான் என்றால் இப்படித்தான் என்று வாணலியைக் கையில் எடுத்தாள்.

"உன்னை உசரத்துல மாட்டணும்" என்றாள், வாணலியிடம். "கூரை பத்தாது. பின்னாடி பலாமரம் மறைக்குது. இங்க புறாக்கூண்டு ஏத்துற கம்பம் ஒண்ணு நல்லா நெடுநெடுன்னு நிக்குது. ஆனா கம்பத்துக்காரர் சம்மதிப்பாரான்னு தெரியலையே."

காலை வெயிலில் புறாக்கூண்டைக் கயிறு கட்டி உயரத்தில் ஏற்றினால்தான் குரல் திறக்கும் என்பது எங்கள் பக்கத்து ஆண்களின் நம்பிக்கை. அந்தக் கம்பத்தை விட்டுக் கொடுப்பது சின்ன விஷயமில்லை. கஸ்மாடி புறாவின் பக்கம் திரும்பினார்.

"நீ ஏறி என்ன கிழிச்ச? ஒரு மாசமா வாயே தொறக்கல. வாணலியாவது ஏறட்டும்."

வேலை தொடங்கியது. வாணலியின் நடு அடியில் ஓட்டை போட்டு, அலுமினியத் தாள் சுற்றிய பிளாஸ்டிக் குழாயை அதில் நிறுத்தி, குழாய்க்குள் கட்டைவிரல் அளவு வைஃபை குச்சியைச் செருகி, அதன் வாலை நீள வயராகக் கம்பத்தின் வழியே இறக்கி, ஜன்னலோரம் இருந்த கம்ப்யூட்டரில் கொண்டுவந்து சேர்த்தாள். கடையில் கிடைக்கும் ஆண்டெனாவின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. சித்தி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கஸ்மாடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, புறாவிடம் "இடது பக்கமா? இன்னும் கொஞ்சமா?" என்று கேட்டார். பலுபி வாணலியிடம் "போதும், போதும், நில்லு" என்றாள். எதிர்வீட்டில் துணி காயப்போட வந்த பெண்மணி காய்ந்த துணியையே மறுபடி உதறிக்கொண்டு நின்றாள்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் சித்தி மல்லிகைத் தேநீரும் வாழைப்பழ பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். வீட்டுக்காரர் 'மொங்கோ', அதாவது எடுத்துக்கொள்ளுங்கள், என்று சொல்லாமல் விருந்தாளி கிளாஸைத் தொடுவது எங்கள் பக்கம் பெரிய அநாகரிகம். பேசாதவர் எப்படி மொங்கோ சொல்வார்? புறா வாசலில் இருந்தது. பலுபி தேநீரைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். கஸ்மாடி பஜ்ஜியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். ஆவி அடங்கியது. பஜ்ஜியும் ஆறியது. கடைசியில் சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஐயோ, மொங்கோ, மொங்கோ, குடிம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பலுபி ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தாள். கஸ்மாடியும் பெரிதாக மூச்சு விட்டார்.

கேம் பெட்டிக்குத் தனியாக ஒரு கருவி வாங்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்கு வருகிற இணையத்தை அதுவே கேம் பெட்டிக்குப் பகிர்ந்து கொடுக்கும். நடுவில் ஒரு குறுக்கு வயர் இருந்தால் போதும், இரண்டு முனையிலும் கம்பிகளை இடம் மாற்றிக் கோத்த வயர். பலுபி அதைத் தரையில் உட்கார்ந்து தானே கோத்தாள். கம்ப்யூட்டரை அணைத்தால் கேம் பெட்டியும் செத்துவிடும் என்பதைச் சித்தியிடம் சொன்னாள். சித்தி அதைத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். கஸ்மாடி வாசல்பக்கம் பார்த்தபடியே, ஆனால் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டார்.

டி.வி.யில் பச்சை மைதானம் வந்தது. சிறிது நேரம் கரகரத்துவிட்டு, "அப்பா! கேக்குதா?" என்று அங்கித்தின் குரல் டி.வி.யிலிருந்தே எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது.

கஸ்மாடி காதில் மாட்டிய மைக் கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சந்தே அதிரும்படி "கேக்குது!" என்றார். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அங்கித் "கத்தாதீங்கப்பா, காது போச்சு" என்றான். ஆட்டம் ஆரம்பமானது. கஸ்மாடியின் ஆட்டக்காரர்கள் பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் துரத்தினார்கள்.

பலுபி கருவிகளைப் பெட்டியில் போட்டு எழுந்தாள். ஸ்குரூ டிரைவர் கை தவறி விழுந்தது.

"அங்க யாரு? மாட்ட வந்த ஆளா?"

சித்திதான் குனிந்து, அவர் வாயருகே இருந்த மைக்கில் "உங்க பலுபி அக்காடா" என்றாள்.

"அக்காவா? நம்ம வீட்டுலயா?" அங்கித்தின் குரலில் சந்தோஷம் கொப்பளித்தது. பாத்தாமில் நாலு வருஷம் இருந்தால் வாய் நேராகிவிடும். அங்கே நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆள் வந்து குவிந்திருக்கிறது. சுற்றி வளைத்துப் பேசினால் பக்கத்துக் கட்டில்காரனுக்கே புரியாது. "அக்கா, கல்யாணமாமே! அப்ப அப்பாதானே கையைப் பிடிச்சுக் குடுக்கிறாரு?"

திரையில் கஸ்மாடியின் பதினோரு பேரும் நட்டுவைத்த கம்பம்போல நின்றார்கள். அங்கித்தின் ஆள் ஒருவன் அவர்கள் நடுவே பந்தை உருட்டிக்கொண்டு போய் நிதானமாகக் கோல் போட்டான்.

"என்னாச்சு? லைன் கட்டா?"

"இருக்கேன்" என்றார் கஸ்மாடி. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அங்கித், யாராச்சும் வந்து கேட்டாத்தானே ஆகும்? கேக்காம நானா போய் மாப்பிள்ளை முன்னால உக்கார முடியுமா? அவகிட்டச் சொல்லு."

"எவகிட்ட? அக்காவா? அக்கா உங்க பக்கத்துலதானே இருக்காங்க?"

இரண்டு வருஷத்தில் இந்த அளவு நெருக்கத்தில் அவர் குரல் பலுபிக்காக வந்ததில்லை. அவளும் திரையைப் பார்த்தே சொன்னாள்.

"அங்கித், கேட்டு இல்லைன்னு சொல்லிட்டா நான் கோர்ட்டுக்குப் போகணும். எங்க சித்தப்பாவே என்னை வேணாம்னு சொல்றாருன்னு எழுதிக் குடுக்கணும். அதை என்னால எழுத முடியாது. அதான் கேக்கல. சொல்லு அவருகிட்ட."

"நான் என்ன போஸ்ட்மேனா? கடல் தாண்டி இங்க வந்து திரும்பிப் போகுது உங்க பேச்சு. ரெண்டு பேரும் ஒரே பாயில உக்காந்துக்கிட்டு..." அங்கித் பெருமூச்சு விட்டான். "சரிப்பா, அக்கா கேக்குறாங்க. நீங்க வேணும்கிறாங்க. போதுமா? இப்ப நீங்க சொல்லுங்க."

கஸ்மாடியின் கட்டைவிரல் பொத்தான்மேல் சும்மா அசைந்தது.

"எனக்கு ஆசை இல்லைன்னு நினைக்கிறாளாக்கும். அண்ணன் பொண்ணு. ஆனா அந்தப் பாயில உக்காந்தா எதிர்ல அவ அம்மா இருப்பாங்க. அன்னைக்கு நான் சொன்ன சொல்லு... அங்கித், அதுல ஒண்ணு இருக்கு, அது உனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது, நான் அன்னைக்கு..."

மைதானம் உறைந்தது. தொடர்பு அறுந்தது என்று திரையில் எழுத்து வந்தது.

பலுபி கம்ப்யூட்டர் முன் மண்டியிட்டாள். வாணலியில் குற்றமில்லை, பாக் சுகெங்கின் கூரையிலிருந்து அலை பூரணமாக வந்துகொண்டிருந்தது. அலை மட்டும் வந்தது, அதில் இணையம் இல்லை. அப்படியென்றால் அவள் வீட்டிலிருக்கும் ஊற்றே அடைபட்டிருக்கிறது. சந்தில் ஒவ்வொரு கதவாகத் திறக்கிற சத்தமும், "நெட் போச்சா? உங்க வீட்லயும் போச்சா?" என்ற குரல்களும் கேட்டன. அவள் ஜன்னல் வழியே சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். தன் வீட்டு முன்னறையில் பாக் சுகெங்கின் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நிற்பது தெரிந்தது. "கொழுந்தனாரும் நீங்களும் ராசியாயிட்டீங்களாமே, உங்க லைன்லதானே இனிமே அவருக்கும்" என்று வாழ்த்தப் போயிருக்கிறாள் நல்ல மனுஷி. வேறென்ன.

"பலுபி."

அவள் திரும்பினாள். கஸ்மாடி காதுக்கருவியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். புறாவும் இல்லை, வாணலியும் இல்லை, பாத்தாமும் இல்லை. அவளைத்தான் பார்த்தார்.

"உங்கம்மாவா?"

"ஆமா சித்தப்பா."

அவர் தலையாட்டினார். அந்தச் சொல்லை முடிக்க இனி யாரும் நடுவில் இல்லை என்பது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். எழுந்து, கருப்புத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினார். பலுபி பின்னால் ஓடினாள். வெளியே நின்ற கூட்டம் வழிவிட்டது. எங்கள் சந்து நாகரிகமானது. ஒருவர்கூட நேராகப் பார்க்கவில்லை, ஒருவர்கூட வீட்டுக்குள்ளும் போகவில்லை.

சுமியாத்தி முன்னறையில் நின்றிருந்தாள். பிடுங்கிய மோடத்தின் பிளக் அவள் கையில் இருந்தது. மகளைக் கண்டதும் வெடித்தாள்.

"பாக் சுகெங் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்கடி போன? என் வீட்டு லைன்லயா அந்த மனுஷனுக்கு விளையாட்டு? என்னைக் கொலைகாரின்னு சொன்ன வாய்க்கு என் வீட்டுலேருந்தே..."

பின்னால் நின்றவரைப் பார்த்ததும் நிறுத்தினாள். பாக் சுகெங்கின் மனைவி அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுச் சுவரோரமாக நழுவினாள்.

கஸ்மாடி படிக்கு வெளியே நின்றார். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. தொப்பியை எடுத்தார், மறுபடி வைத்தார்.

"அண்ணி" என்றார். மரியாதை மொழியில் இல்லை. சின்ன வயதில் இந்த வீட்டில் சோறு தின்ற காலத்தில் பேசிய சாதாரணப் பேச்சில் பேசினார். "அண்ணன் செத்தது உங்களால இல்ல. சோலோ ஆஸ்பத்திரி டாக்டருகிட்ட ரிப்போர்ட்டை முன்னாடியே நான் கொண்டுபோய்க் காட்டினேன். கொண்டுவந்தாலும் ஒண்ணும் ஆகாது, பிழைக்க மாட்டாரு, வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்னுதான் சொன்னாரு. அதை எங்கண்ணன் விஷயத்துல என்னால நம்ப முடியல. அதான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு நின்னேன். அடக்கம் முடிஞ்சு வந்தப்போ, யார் மேலயாவது போடணும் போல இருந்துச்சு. உங்க மேல போட்டுட்டேன்."



"தெரிஞ்சா சொன்னீங்க?" என்றாள் சுமியாத்தி. சத்தமே இல்லை.

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"ரெண்டு வருஷமா தெரிஞ்சுக்கிட்டேதான் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தீங்களா?"

"ஆமா அண்ணி."

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று பலுபி நினைத்தாள். அடித்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தாள். அவளுக்கே சித்தப்பாவின்மேல் அந்த நிமிடம் அப்படியொரு ஆத்திரம் வந்தது. நிக்காஹ்வும் வேண்டாம், கையும் வேண்டாம், இந்த ஆள் போனால் போதும் என்று தோன்றியது. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது அம்மா முந்திக்கொண்டாள்.

"கல்யாணத்தன்னைக்கு வாங்க" என்றாள். "மாப்பிள்ளை கையைப் பிடிச்சு இவளைக் குடுங்க. அது இவளுக்கு. இவ ஆசைப்படுறா, என்கிட்ட சொல்லலைன்னாலும் எனக்குத் தெரியும். சாப்பிட்டுப் போங்க, எல்லாருக்கும் வைக்கிற சோறு உங்களுக்கும் உண்டு. ஆனா எனக்கும் உங்களுக்கும் உள்ளது அப்படியே இருக்கு. அதை நான் இன்னைக்கு விடல. என்னைக்கு விடுவேன்னும் தெரியல."

"சரி அண்ணி."

"இப்ப போங்க."

கஸ்மாடி பலுபியைப் பார்த்தார். குனிந்து செருப்பைச் சரியாக மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். வெளியே கூட்டம் மெல்லக் கலைகிற சத்தம் கேட்டது.

பலுபி கதவைச் சாத்தினாள். அவள் வேண்டியது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, அது வரவில்லை. அம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிளக்கை இன்னும் கையில் பிடித்திருந்தாள். பலுபி பக்கத்தில் உட்கார்ந்து, அதை மெதுவாக அவள் விரலிலிருந்து எடுத்தாள்.

"தினமும் ராத்திரி நினைப்பேன்டி" என்றாள் அம்மா. "கெஞ்சினாருன்னு விட்டேனே, தூக்கிட்டுப் போயிருந்தா பிழைச்சிருப்பாரோன்னு. அவன் சொன்னதுக்காகக் கோபப்படலடி நான். அவன் சொன்னது நிஜமா இருக்குமோன்னுதான்..."

அவள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டியாடி? நான் இல்லையாம். நான் இல்லையாம்டி."